விழாத மனிதனும் பதினோரு குறைகளும்

எங்கள் ஓய்வூதியர் சங்கம் மலர் போடுகிறது. ஆளுக்கு ஒரு சாதனை எழுதித் தரவேண்டும் என்று சங்கச் செயலாளர் அந்தோணி செகந்திராபாத் அல்வாலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறான். இருபத்தைந்து வருடம் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். அந்த உரிமையில், காப்பி வரும்வரை என் வீட்டு நாற்காலியை விட்டு நகர மாட்டான்.

"சாதனைன்னு எங்கிட்ட ஒண்ணும் இல்லப்பா. ஒரு கொழப்பந்தான் இருக்கு," என்றேன்.

"அந்த அலை கேம்தான? அதையே எழுதுண்ணே. ரேடார், ராக்கெட்டுன்னு பத்துப் பேரு எழுதிக் குடுத்துட்டாங்க. ப்ரூஃப் பாக்கறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வருது."

எழுதுகிறேன். ஆனால் இதில் தப்பு யார்மேல் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மருமகன் வேலை பார்க்கும் கம்பெனியில் வீடியோ கேமில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு மாடி நிறைய ஆட்கள் இருக்கிறார்களாம். கச்சிபௌலியில் கண்ணாடிக் கட்டடம், ஏசி, இலவசச் சாப்பாடு. அதைக் கேட்ட நாளிலிருந்து பழைய கேள்வி மறுபடியும் என்னை அரிக்க ஆரம்பித்திருக்கிறது. அந்த வேலையை அவர்களுக்கு ரொம்ப முன்னால், அது ஒரு வேலை என்றே தெரியாமல், இதே ஊரில் நான் செய்திருக்கிறேன். செய்த லட்சணத்தைத்தான் கேளுங்கள்.

அப்பா லாலாகுடா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். குடியாத்தத்திலிருந்து தாத்தா காலத்திலேயே வந்துவிட்ட குடும்பம். நான் டிப்ளமோ முடித்து நம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்தேன். மலர் வெளியாட்கள் கைக்கும் போகும் என்பதால் தொழிற்சாலையின் பெயரை எழுதவில்லை. சால்டரிங் ஆறு மாதம், மீட்டர் பார்க்கக் கற்றது ஒரு வருடம், சாமான்களைச் சூடேற்றிச் சோதிக்கும் அறையில் வேர்த்து வழிந்தது இன்னொரு வருடம். பிறகு இன்ஸ்பெக்டர் ஆக்கினார்கள். கையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கொடுத்தார்கள். ஒரு வட்டம், உள்ளே நாற்பத்தொன்று. அந்த முத்திரை விழுந்தால்தான் சாமான் ஹாலை விட்டு வெளியே போகும். தொலைத்தால் மெமோ. மறந்து வீட்டுக்குக் கொண்டுபோனாலும் மெமோ. சாயங்காலம் அதை இழுப்பறையில் பூட்டிவிட்டு ஐந்தே கால் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். அல்வால் பக்கம் போகும் கம்பெனி பஸ் அது ஒன்றுதான். விட்டால் செகந்திராபாத் ஸ்டேஷன் போய், அங்கே இன்னொரு டவுன் பஸ்ஸுக்கு நின்று, வீடு சேர எட்டு மணி ஆகிவிடும்.

இன்ஸ்பெக்‌ஷன் ஹாலுக்குத் தலைவர் ஹமீத் சாப். ஒல்லியான மனிதர். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். நாம் எழுதிய ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்து, ஒரு ஸ்டீல் அளவுகோலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். வரியைப் படிப்பார். அளவுகோலை ஒரு வரி இறக்குவார். படிப்பார். நாம் எதிரே நின்றுகொண்டிருக்க வேண்டும். ஓரிடத்தில் அளவுகோல் நிற்கும். தலையைத் தூக்காமல் "கைக்கு?" என்று கேட்பார். இந்த ஊர் உருதுவான தக்கனியில் ஏன் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்ல முடியாமல் ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். எங்களோடு அவர் பேசியதெல்லாம் தக்கனிதான். இங்கே தமிழில் எழுதுகிறேன், இரண்டொரு சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து வந்தபடி விடுகிறேன்.

நான் அவரிடம் மாட்டியது ஸ்டாம்ப் கைக்கு வந்த புதிதில். எங்கள் தொழிற்சாலை டிவி செய்ய ஆரம்பித்த காலம் அது. ஒவ்வொரு டிவியும் எட்டு மணி நேரம் ஓடவேண்டும், அதன்பிறகே ஸ்டாம்ப். ஒரு நாள் வரிசையில் கடைசி டிவிக்கு ஆறு மணி நேரம்தான் ஆகியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. படம் நன்றாகத்தான் இருந்தது. "எட்டு மணி நேரம், படம் சரி" என்று எழுதி ஸ்டாம்பைக் குத்திவிட்டேன். மறுநாள் ஹமீத் சாப் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அந்த டிவியின் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, "உட்கார். எட்டு மணி நேரம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது," என்றார். உட்கார்ந்தேன். ஏழாவது மணி நேரத்தில் படம் நடுவில் ஒரு கோடாகச் சுருங்கி அணைந்துபோனது.

அன்றிலிருந்து எனக்கு அவர் சொன்னதுதான் சட்டம். எங்கள் ரிப்போர்ட்டில் மூன்று கட்டங்கள் உண்டு. எதிர்பார்த்தது, கிடைத்தது, குறை. "சுமாராக", "போலிருக்கிறது", "தோன்றுகிறது" இதெல்லாம் எந்தக் கட்டத்திலும் வரக்கூடாது. வந்தால் பச்சை மையால் அடித்துவிடுவார். அந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ரயில்வே சிக்னலுக்குப் போகும் பெட்டிகளையும் நாங்கள்தான் சோதித்தோம். அங்கே 'போலிருக்கிறது' என்று எழுதினால் எங்கேயோ இரண்டு ரயில் மோதிக்கொள்ளும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள், டெவலப்மென்ட் பகுதியிலிருந்து வசுந்தரா மேடம் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். ஊர் பீமிலி, விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோரம். மெட்ராஸில் இன்ஜினியரிங் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். வயதில் சிறியவர், பதவியில் பெரியவர். நான் மேடம் என்பேன், அவர் தெலுங்கு மரியாதையில் தனபால் காரு என்பார்.

"டிவியோட சேக்கிற கேம், தனபால் காரு. நம்ம டிவி வாங்கிறவங்களுக்குக் கூடவே குடுக்கலாம்னு ஐடியா. ஃபேமிலி டே அன்னிக்கு டெல்லில இருந்து பெரியவர் வர்றாரு. அவருக்குக் காட்டணும். அதுக்குள்ள உங்க ஸ்டாம்ப் வேணும்."

"வரலன்னா மேடம்?"

"செக்‌ஷன மூடிடுவாங்க. என்னை அசாம் பக்கம் சைட்டுக்கு அனுப்புவாங்க. ஆர்டர் ரெடியாவே இருக்காம்." அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் கணவருக்கு இதே ஊரில், பாலாநகரில் வேலை; பெண்குழந்தைக்கு ஒன்றரை வயது. இதெல்லாம் ஹாலில் எல்லோருக்கும் தெரியும்.

பெட்டியை டிவியில் சேர்த்தார். திரை முழுக்க நீலம். இடது பக்கத்திலிருந்து வெள்ளையாக ஒரு மேடு உருண்டு வந்தது. அதன் சரிவில், சின்னச் சின்னக் கட்டங்களால் ஆன ஒரு மனிதன், காலுக்கடியில் ஒரு கோடு. பெட்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குச்சியை அசைத்தால் அந்த ஆள் முன்னே பின்னே போனான். மேடு அவனைத் தொட்டதும் காணாமல் போனான். குக்கர் மூடியைத் திறந்தது மாதிரி ஒரு சத்தம். திரையில் ஒரு எண். அவ்வளவுதான்.

ஹாலில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. எங்களில் பாதிப் பேர் ஹுசேன் சாகர் ஏரியைத் தாண்டி பெரிய தண்ணீரைப் பார்த்ததில்லை. நான் கல்யாணமான புதிதில் மெரினாவில் முழங்கால்வரை நின்றிருக்கிறேன். அந்தோணி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான், "அண்ணே, இவன் படகு கவுந்துபோச்சு. பலகையப் புடிச்சிட்டுத் தப்பிக்கிறான்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. அன்று காலை முழுக்க நாங்கள் இரண்டு பேரும் அவனைக் கரை சேர்க்கப் பார்த்தோம். வலது ஓரம்வரை கொண்டுபோனால் கடல் நீண்டுகொண்டே போனது. குறைக் கட்டத்தில் "ஒன்று: கரை இல்லை" என்று எழுதினேன்.

மத்தியானம் வசுந்தரா மேடத்தைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்த ஆள் தப்பிக்கவில்லையாம். வேண்டுமென்றேதான் பலகையை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போகிறானாம். பெரிய அலை வரும்வரை காத்திருந்து அதன்மேல் ஏறி நிற்பானாம். வெளிநாட்டில் இது விளையாட்டாம். மேடமும் நேரில் பார்த்ததில்லை, ஒரு பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறார்.

ஹமீத் சாப் பின்னால் வந்து நின்றிருந்தார். "கைக்கு?" என்றார்.

"சும்மாதான் சார். சந்தோஷத்துக்கு."

அவர் என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். எதிர்பார்த்தது என்ற கட்டம் காலியாக இருந்தது. "சந்தோஷத்தை எந்த மீட்டரில் அளப்பது? ஸ்பெசிஃபிகேஷனில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேடம் எழுதிக் கொடுத்த ஸ்பெசிஃபிகேஷன் நாலு பக்கம். மின்சாரம், சூடு, வயர் நீளம் எல்லாம் விரிவாக இருந்தது. விளையாட்டைப் பற்றி ஒரே வரி: "குச்சியின் உதவியால் பலகை மனிதன் அலைமேல் நிற்க வேண்டும்." அதை அப்படியே எதிர்பார்த்தது கட்டத்தில் எழுதினேன்.

பிறகு மூன்று நாள் நான் அதைச் சோதித்தேன். நிஜமான குறைகள் இருந்தன. குச்சியின் ஸ்பிரிங் இரண்டாம் நாளே உடைந்தது. சில டிவியில் கடல் பச்சையாகத் தெரிந்தது. சில சமயம் அந்த ஆள் அலைக்குள் புகுந்து அடியில் ஒளிந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். பெட்டியை அணைத்துத்தான் அவனை மீட்க வேண்டியிருந்தது. பெட்டியின் மேல்மூடியில் டீ டம்ளரை வைத்தால் ஆறாது, அவ்வளவு சூடு. இதெல்லாம் யார் பார்த்தாலும் குறைதான், எனக்குக் குழப்பமே இல்லை.

மற்றவைதான் என்னை அலைக்கழித்தன. ஒரு முறை வந்த அலை மறுமுறை அதே மாதிரி வராது. எங்கள் தொழிலில் ஒரே சோதனைக்கு இரண்டு விதமாக விடை வந்தால் அது கெட்ட சாமான். எழுதினேன். அலை சுருண்டு விழும் இடத்துக்கு எவ்வளவு நெருக்கமாக அவன் நிற்கிறானோ அவ்வளவு அதிகம் புள்ளி. பத்திரமாகத் தள்ளி நின்றால் புள்ளியே இல்லை. ஆபத்துக்குப் பரிசு கொடுக்கும் கருவியை நான் அதுவரை சோதித்ததில்லை. அதையும் எழுதினேன். எல்லாவற்றுக்கும் மேலே, அவன் விழுந்தான். நான் எப்படிப் பிடித்தாலும் விழுந்தான். ஒரு நிமிடம் நின்றால் பெரிய விஷயம். நூறு முறை ஆடினேன், நூறு முறையும் விழுந்தான். "எதிர்பார்த்தது: நிற்க வேண்டும். கிடைத்தது: விழுகிறான்."

முதல் நாள், இந்தத் தடவை ஒன்றரை நிமிடம் நிறுத்திக் காட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்தவன், தலை நிமிர்ந்தபோது ஹாலில் யாரும் இல்லை. மணி ஐந்தரை. பஸ் போய்விட்டது. வீட்டில் என் மனைவி கமலா, "ஓவர்டைமா?" என்று கேட்டாள். டெஸ்ட் என்றேன். இரண்டாம் நாள் அதேதான். ஸ்பிரிங் உடைந்த குச்சியை விரலால் தள்ளித் தள்ளி ஆடினேன். மூன்றாம் நாள் அந்தோணி பஸ்ஸில் இடம் போட்டு வைத்திருந்து, டிரைவரை இரண்டு தடவை ஹாரன் அடிக்கச் சொன்னானாம். எனக்குக் காதில் விழவில்லை. பலகை மனிதன் ஒரு நிமிடம் நாற்பது விநாடி நின்றான் அன்றைக்கு. கை வலித்தது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வரும்போதுகூட, அலை சுருளும் இடத்தில் கொஞ்சம் பின்வாங்கியிருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டு வந்தேன். இருபது வருட சர்வீஸில் ஒரு சாமான் என்னை இப்படிச் செய்ததில்லை. இது என்ன வியாதி என்று எனக்கே விளங்கவில்லை.

மறுநாள் ரிப்போர்ட் வரைவை எழுதினேன். பதினோரு குறைகள். கடைசியில், எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல், கட்டத்துக்கு வெளியே ஒரு வரி: "விழுந்த பிறகு மறுபடியும் ஆட வேண்டும் போலிருக்கிறது. மூன்று நாள் பஸ்ஸை விட்டேன்."

ஹமீத் சாப் அளவுகோலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கினார். பதினொன்றும் தாண்டியது. கடைசி வரியில் நின்றது. "கைக்கு?"

"தெரியல சாப். ஆடணும்னு தோணுது."

பேனாவின் முனையைத் துடைத்து, அந்த வரியின்மேல் பச்சைக் கோடு ஒன்று இழுத்தார். நேராக, அளவுகோலை வைத்தே இழுத்தார். "மிஷினைப் பற்றி எழுது, மியா. உன்னைப் பற்றி நக்கோ." வேண்டாம் என்று சொன்ன அந்த 'நக்கோ'வில் கடுமை எதுவும் இல்லை. நானும் அது நியாயம்தான் என்று நினைத்தேன். நல்ல தாளில் மறுபடி எழுதினேன், அந்த வரி இல்லாமல்.

அடுத்த வாரம் மீட்டிங். வசுந்தரா மேடம் ஒரு பக்கம், நானும் ஹமீத் சாப்பும் ஒரு பக்கம். ஸ்பிரிங், சூடு, பச்சைக் கடல் எல்லாவற்றையும் அவர் குறித்துக்கொண்டார். விழுவதற்கு வந்தபோதுதான் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், விழறது குறை இல்ல. விழணும். அதுதான் கேம்."

"ஸ்பெசிஃபிகேஷனில் இருக்கிறதா?"

"இல்ல."

"நிற்க வேண்டும் என்று இருக்கிறது. நீங்கள் எழுதியது."

மேடம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க, தனபால் காரு. நீங்கதான ஆடினீங்க."

என் இழுப்பறையில் பச்சைக் கோடு போட்ட தாள் இருந்தது. "நூறு தடவை ஆடினேன் மேடம். நூறு தடவையும் விழுந்துட்டான்," என்றேன். கண்ணால் பார்த்தது அதுதான். அவர் மறுபடி பேனாவை எடுத்து அதையும் குறித்துக்கொண்டார்.

ஃபேமிலி டேக்கு ஆறு வாரம் இருந்தது. ஐந்தாவது வாரம் இரண்டாவது மாதிரி வந்தது. எல்லாக் குறையும் தீர்ந்திருந்தது. கடல் நீலமாகவே இருந்தது. பெட்டி சூடேறவில்லை. அலை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில், ஒரே வேகத்தில் வந்தது. வலது பக்கத்தில் கரைகூட இருந்தது, இரண்டு தென்னை மரங்களோடு. சுருளுக்குப் பக்கத்தில் நின்றாலும் தள்ளி நின்றாலும் ஒரே புள்ளி. அந்த ஆள் விழவே இல்லை. எட்டு மணி நேரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நான் சாப்பிடப் போனபோதும் நின்றான், வந்தபோதும் நின்றான். மூன்று மணி வாக்கில் நான் கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டேன், முழித்தபோதும் நின்றுகொண்டிருந்தான். கண் அயர்ந்த நேரத்துக்குப் பதிலாக இன்னும் அரை மணி உட்கார்ந்து கணக்கை நேர் செய்துவிட்டு, ஸ்டாம்பைக் குத்தினேன். நாற்பத்தொன்று. ஐந்தே கால் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

மேடம் ஸ்டாம்பைப் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ்," என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அசாம் போக வேண்டாம், குழந்தையோடு இருக்கலாம் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஃபேமிலி டே அன்று தொழிற்சாலையைத் திறந்துவிட்டார்கள். மைதானத்தில் ஷாமியானா, மிர்ச்சி பஜ்ஜி, பாட்டுப் போட்டி. எங்கள் ஹாலில் நாலு டிவி, நாலு பெட்டி. முதல் கால் மணி நேரம் கூட்டம் நெரிந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பஜ்ஜிக் கடைப் பக்கம் கரைந்தது. எனக்குக் காரணம் புரியவில்லை. பெட்டி நான்கையும் தொட்டுப் பார்த்தேன், எதுவும் சூடில்லை. ஸ்பிரிங்குகளைச் சோதித்தேன், எல்லாம் சரியாக இருந்தன.

கமலாவை உட்காரவைத்தேன். மூன்று நாள் ராத்திரிச் சாப்பாட்டை ஆறவிட்ட சாமான் எது என்று பார்க்க அவளுக்கு ஆசை இருந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குச்சியைப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து டெல்லியிலிருந்து வந்த பெரியவர் ஹாலுக்குள் வந்தார். கூடவே பத்துப் பதினைந்து அதிகாரிகள். அவருக்கு விளக்க வசுந்தரா மேடம் டிவிக்குப் பக்கத்தில் நின்றார். எல்லோரும் கமலாவுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். யார் நிற்கிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் ஆடினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். எடுத்த கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். பலகை மனிதன் அலைமேல் நேராக நின்றபடி தென்னை மரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

"நான் விட்டுட்டேன். அவம்பாட்டுக்கு நிக்கிறான். அப்ப நான் எதுக்கு?" என்றாள்.

பெரியவருக்குத் தமிழ் தெரியாது. அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று ஹிந்தியில் கேட்டார். அந்தோணி கூரையைப் பார்த்தான். மேடம் குனிந்து பெட்டியின் வயரைச் சரிசெய்தார். ஹமீத் சாப்தான் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு சொல் கூடாமல் குறையாமல் ஹிந்தியில் சொன்னார். வேறு மாதிரிச் சொல்ல அவருக்குத் தெரியாது. பெரியவர் குனிந்து, குச்சியைத் தொடாமல் அரை நிமிடம் திரையைப் பார்த்தார். தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

கமலா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். "இதுக்கா மூணு நாளு பஸ்ஸ விட்டீங்க?" என்று என்னைக் கேட்டாள். மேடம் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். நான் அவரைப் பார்க்காமல் கமலாவைப் பஜ்ஜிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அந்த நாளில் நான் வெட்கப்பட வேண்டிய காரியம் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் விதிப்படி நடந்தது.

இரண்டு வாரத்தில் செக்‌ஷனை மூடினார்கள். மேடத்துக்கு அசாம் ஆர்டர் வந்தது. செய்தி வந்த அன்று ஹமீத் சாப் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு ரிப்போர்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பதினோரு குறை ஒன்றில், மற்றதில் ஒன்றுகூட இல்லை. அளவுகோலை முதல் ரிப்போர்ட்டின்மேல் வைத்து வரி வரியாக இறக்கினார். கடைசியில் வெறும் தாளில் வந்து நின்றது. "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது," என்றார். அளவுகோலை அங்கிருந்து எடுக்காமல், "கைக்கு?" என்றார். அது என்னிடம் கேட்டதில்லை. அவர் அப்படி விழித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது.

அசாமுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வசுந்தரா மேடம் ஹாலுக்கு வந்தார். சோதனைக்கு வாங்கிப்போன மீட்டர் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். கையெழுத்துப் போட்டு முடித்ததும் என் பெஞ்சுக்கு வந்தார்.

"உங்க வீட்டம்மா அன்னிக்குச் சொன்னாங்களே, மூணு நாள் பஸ்ஸ விட்டீங்கன்னு. எந்த மூணு நாள்?"

"முதல் மாதிரி வந்தப்ப."

"டெஸ்ட் முடியலயா?"

நான் இழுப்பறையைத் திறந்து வரைவுத் தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். பச்சைக் கோட்டுக்கு அடியில் இருந்ததை இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன், அவ்வளவு நேரம் ஆனது.

"இது ஏன் ரிப்போர்ட்ல வரல?"

"அது மிஷினப் பத்தினது இல்ல மேடம். என்னப் பத்தினது."

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "அந்த மீட்டிங்ல கடைசில எல்லாக் குறையையும் எழுதிக்கிட்டேனே, ஏன் தெரியுமா? ஆறு மாசமா அதச் செஞ்சிட்டிருந்தேன். நல்லா இருக்குன்னு ஒருத்தர்கூடச் சொல்லல. அதனால எனக்கே அது தப்பான கேம்னு தோணிடுச்சு. இந்த ஒரு வரி அன்னிக்கு மேஜைமேல இருந்திருந்தா நான் சண்ட போட்டிருப்பேன், தனபால் காரு."

அவர் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்குத் தாங்கவில்லை. மன்னிச்சிருங்க மேடம் என்றேன். எதற்காக மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெளிவாகத் தெரியாமலே கேட்டேன். நான் பொய் எழுதவில்லை. ஹமீத் சாப் தன் சட்டத்தை மீறவில்லை. அதே சட்டம்தான் சிக்னல் பெட்டிகளைக் காப்பாற்றியது. ஆனாலும் எதிரே உட்கார்ந்திருந்தவர் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு மறுநாள் ரயில் ஏறப்போகிறார்.

"இந்தப் பேப்பர நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

இன்ஸ்பெக்‌ஷன் தாள் ஹாலை விட்டு வெளியே போனால் மெமோ. கொடுத்தேன். அந்த ஆறு மணி நேர டிவியைத் தவிர, முப்பத்து மூன்று வருட சர்வீஸில் நான் தெரிந்தே மீறிய விதி அது ஒன்றுதான். அவர் அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அசாமிலிருந்தே வேலையை விட்டுவிட்டு வெளிநாடு போனதாக அந்தோணி ஒருமுறை சொன்னான். உண்மையா என்று தெரியாது.

அந்தத் தாள் அவரிடம் இன்னும் இருந்தாலும், அதில் ஸ்டாம்ப் இருக்காது. ரிடையர் ஆன அன்று என் ஸ்டாம்பையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால் விட்டுப்போனதை இந்த மலரில் எழுதிவிடுகிறேன். அந்தோணி இதில் கை வைக்கக் கூடாது.

அலை கேம், முதல் மாதிரி, வசுந்தரா செய்தது. மூன்று நாள் ஆடினேன். மூன்று நாளும் விழுந்தேன். மூன்று நாளும் பஸ்ஸை விட்டேன். பாஸ். நாற்பத்தொன்று.